மிர்ச்சா எலியாடே யார்? அவரை எந்தப் புத்தகத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

எலியாடே ருமேனிய நாவலாசிரியர், மதங்களை ஆராய்ந்த அறிஞர். நாவலிலிருந்து தொடங்குங்கள். ஷாமன்களை, அதாவது ஆவிகளோடு பேசுவதாக நம்பப்படும் பூசாரிகளைப் பற்றி அவர் எழுதிய தடித்த ஆய்வு நூலைத்தான் நான் முதலில் எடுத்தேன். ஐம்பது பக்கம் தாண்டவில்லை. அப்புறம் அவருடைய நாவல் 'மைத்ரேயி' கிடைத்தது, இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன்.

எலியாடே 1907இல் புக்கரெஸ்டில் பிறந்தவர். 1928 கடைசியில், காசிம்பஜார் மகாராஜா தந்த உதவித்தொகையில், சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் இந்தியத் தத்துவம் படிக்கக் கல்கத்தா வந்தார். 1930இல் குரு அவரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். குருவின் மகள் மைத்ரேயிக்கு அப்போது பதினாறு வயது, கவிதை எழுதுகிற பெண். காதல் வெளியே தெரிந்ததும் எலியாடேயை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் ரிஷிகேஷ் ஆசிரமத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

1933இல் அதையே நாவலாக்கினார். தன்னை ஆலன் என்ற எஞ்சினியராக மாற்றினார், தாஸ்குப்தாவை நரேந்திர சென் ஆக்கினார். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அவள் இரவில் தன் அறைக்கு வந்ததாகவும் எழுதினார். நாவல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மைத்ரேயி தேவிக்கு 1972இல்தான் முழுதாகத் தெரிந்தது. இரவுக் காட்சிகள் கற்பனை என்று சொன்ன அவர், 1974இல் வங்காளியில் 'ந ஹன்யதே' எழுதிப் பதில் கொடுத்தார். கொல்லப்படுவதில்லை என்று பொருள்படும் கீதைச் சொல் அது. சாகித்திய அகாதமி பரிசும் பெற்றது. 'மைத்ரேயி' ஆங்கிலத்தில் வந்ததே மைத்ரேயி தேவி இறந்த பிறகு, 1990களில்தான்.

ஆய்வாளர் எலியாடே 1950களிலிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1986இல் அங்கேயே இறந்தார். 'புனிதமும் உலகியலும்' சின்ன நூல், அதைப் படிக்கலாம். ஒரு சாதாரணக் கல் எப்படிக் கல்லாக இருந்துகொண்டே தெய்வமாகவும் ஆகிறது என்று பேசும் இடம் நமக்கு உடனே பிடிபடும். காலம், இடம் பார்க்காமல் எல்லா மதங்களையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்குகிறார் என்ற விமர்சனமும் நியாயம்தான். இன்னொன்று, 1930களில் ருமேனியாவின் யூத வெறுப்பு இயக்கமான இரும்புக் காவலரை ஆதரித்து எழுதியவர். 1938இல் அதற்காகக் காவலிலும் வைக்கப்பட்டார். பிற்பாடு அதைப் பற்றி வெளிப்படையாக வாய் திறக்கவில்லை.

சரி, வரிசை இதுதான்: முதலில் 'மைத்ரேயி', மறுநாளே 'ந ஹன்யதே'. 1973இல் அந்த அம்மாள் சிகாகோ போய் அவர் அறைக்குள் நுழையும் காட்சி கடைசியில் வரும். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து வந்து நிற்பவளை அவர் நேருக்கு நேர் பார்க்க மாட்டேன் என்கிறார்.