கூடலூரிலிருந்து குடும்பத்தோடு கோழிக்கோடு செல்பவர்கள் அங்கே எங்கே, எதைச் சாப்பிடலாம்?

தாயாரின் கண் சிகிச்சைக்காகக் கூடலூரிலிருந்து கோழிக்கோடு சென்று இரண்டு நாள் தங்கப் போவதாகவும், தாயாருக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்றும், பிள்ளைகள் இப்போதே கடல் மீன் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் பந்தலூர்ப் பக்கம் சிறிய அளவில் தேயிலை வைத்திருப்பவன். என் தந்தையாரின் சிகிச்சைக்காக ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், மாதம் ஒரு முறையாவது அந்த நகரத்துக்குச் சென்று வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். நம் பகுதி மக்களுக்குக் கடல் என்றால் கோழிக்கோட்டுக் கடல்தான். நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகப் போனாலும், வயநாடு வழியாகச் சென்று தாமரச்சேரிச் சுரத்தின் 9 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் போனாலும், காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம்.

எந்த உணவகம் என்று தேடுவதற்கு முன்னால், எந்த வேளைக்கு எது என்று தெரிந்துகொள்வது அந்த ஊரில் அதிகம் உதவும். அங்கே ஒவ்வொரு உணவுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் சாதாரணக் கடையிலும் அது நன்றாக இருக்கும், நேரம் தப்பினால் பேர்பெற்ற கடையிலும் சுமாராகத்தான் இருக்கும். இதை நான் தெரிந்துகொண்டது ஒரு கசப்பான இரவில். முதன்முறை தந்தையாரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, இரவு ஒன்பதரை மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு அருகே கண்ணில் பட்ட ஒரு கடையில் பிரியாணி வாங்கினேன். மதியம் தம் போட்டு இறக்கிய சோற்றை மீண்டும் சூடாக்கிக் கொடுத்தார்கள். அடியிலிருந்த மசாலா தீர்ந்துபோய், வறண்ட சோறும் ஓர் இறைச்சித் துண்டும்தான் தட்டில் இருந்தன. கோழிக்கோட்டுப் பிரியாணியின் புகழெல்லாம் வெறும் பேச்சு என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியின் மகன், கோழிக்கோட்டுக்காரர், ஒரு நாள் பன்னிரண்டரை மணிக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று சாப்பிட வைத்தார். அன்றைக்குத்தான் என் முடிவு எவ்வளவு தவறானது என்று புரிந்தது.

ஆகவே பிரியாணியை மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் சாப்பிடுங்கள். நம் பக்கத்துத் திண்டுக்கல் பிரியாணியில் அரிசி இறைச்சிச் சாற்றிலேயே வேகிறது. அதனால் ஒவ்வொரு பருக்கையிலும் காரமும் மசாலாவும் ஏறியிருக்கும். கோழிக்கோட்டில் சோற்றை நெய்யிட்டுத் தனியாக வேகவைக்கிறார்கள், இறைச்சி மசாலாவைத் தனியாகச் சமைக்கிறார்கள், பிறகு இரண்டையும் அடுக்கடுக்காக வைத்து, பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், முந்திரி, உலர் திராட்சை தூவித் தம் போடுகிறார்கள். அரிசியும் நீளமான பாசுமதி இல்லை. கைமா என்றும் ஜீரகசாலை என்றும் சொல்லப்படும், சீரகம்போல் சிறுத்த, மணமுள்ள அரிசி. நம் எல்லைக்கு அடுத்த வயநாட்டு வயல்களில் விளையும் ஜீரகசாலைக்கு 2010-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, அந்தத் தட்டில் நமக்கும் கொஞ்சம் உறவு இருப்பதுபோல எனக்குத் தோன்றும். தட்டு வந்தவுடன் மேலே வெள்ளைச் சோறு மட்டுமே தெரியும்; ஏமாந்துவிடாமல் அடியிலிருந்து கிளறி, மசாலாவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். தாயாருக்கு மேல் சோற்றையும் தயிர்ப் பச்சடியையும் மட்டும் எடுத்துக் கொடுத்தால் காரமே இராது. சாப்பிட்டு முடித்ததும் சுலைமானி கேளுங்கள். எலுமிச்சை பிழிந்த, பால் சேராத தேநீர் அது. எலுமிச்சை விழுந்ததும் கடுஞ்சிவப்பு இளகித் தேன் நிறத்துக்கு வருவதைத் தேயிலை விளைவிக்கிற நான் ஒவ்வொரு முறையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நெய்ச்சோறு உண்ட வயிற்றுக்கு அதைப்போல இதமானது வேறில்லை.

இடங்களைச் சொல்ல வேண்டுமென்றால், கண்ணூர்ச் சாலையில் மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் பாரகனை யாரும் தவிர்க்க முடியாது. 1939-இல் தொடங்கப்பட்ட உணவகம் அது. கூட்டம் மிகுதி என்பதால் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க நேரும். மருத்துவமனையில் மாலை நேரம் கொடுத்திருக்கும் நாளில் மட்டும் அங்கே செல்லுங்கள். என்னைக் கேட்டால், அங்கே பிரியாணியைவிட, தேங்காய்ப்பாலும் பச்சை மாங்காயும் சேர்ந்த மீன் குழம்பையும் அதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பத்தையும்தான் முதலில் வாங்கச் சொல்வேன். மாங்காயின் புளிப்பு இருக்குமே தவிர மிளகாயின் எரிச்சல் குறைவாக இருக்கும் என்பதால், என் தந்தையாரும் அதை விரும்பிச் சாப்பிட்டார். பிரியாணிக்கென்றே போவதானால் ரஹ்மத் உணவகத்தை உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்; அங்கே மாட்டிறைச்சிப் பிரியாணிதான் பெயர்போனது. மாவூர்ச் சாலையில் தங்குவீர்களானால் சாகர் உணவகம் கைக்கெட்டும் தூரம். மாப்பிள்ளை என்று அழைக்கப்படும் மலபார் முஸ்லிம்களின் வீடுகளில் சமைப்பதைப்போலவே சாப்பிட வேண்டும் என்றால் கான்வென்ட் சாலைப் பக்கமுள்ள ஸைன்ஸ் உணவகத்துக்குச் செல்லுங்கள். அலங்காரமில்லாத சிறிய இடம். ஆனால் அங்கே கிடைத்த பத்திரியையும் கோழிக் குழம்பையும் நான் இன்னும் மறக்கவில்லை.

தாயாருக்கு எது ஏற்கும் என்பதுதான் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி. பத்திரி என்பது அரிசி மாவில் செய்யும் மெல்லிய, எண்ணெயில்லாத ரொட்டி. சூடாகச் சுட்டதும் தேங்காய்ப்பாலில் நனைத்துக் கொடுப்பார்கள், பல் இல்லாதவர்கள்கூடச் சாப்பிடலாம். நம் இடியாப்பத்தை அங்கே நூல்புட்டு என்பார்கள். அதற்குக் காய்கறி இஷ்டு என்னும் காரம் குறைந்த தேங்காய்ப்பால் குழம்பை வாங்கிக்கொண்டால் காலைச் சாப்பாடு பிரச்சினையில்லை. நெய்ப்பத்திரி எண்ணெயில் பொரித்தது, அதை அவருக்குத் தவிர்த்துவிடலாம். சைவம் மட்டுமே உண்ணும் நாள் என்றால் ரயில் நிலையத்தின் பக்கமும் மாவூர்ச் சாலையிலும் உடுப்பி வகைக் கடைகள் இருக்கின்றன. இட்லி, தோசை நம் ஊரைப்போலவே கிடைக்கும்.

மீனுக்கு வருகிறேன். அங்கே மதியச் சாப்பாட்டை ஊண் என்பார்கள். ஊணுக்கு மீன் குழம்பு சேர்ந்தே வரும், பொரித்த மீனுக்கு மட்டும் தனிக் காசு. பெயர்கள் நம் பெயர்களிலிருந்து மாறியிருப்பதால் பலர் தடுமாறுகிறார்கள். அயக்கூரை என்றால் நம் வஞ்சிரம், ஆவோலி என்றால் வாவல், அயில என்றால் கானாங்கெளுத்தி, மத்தி என்றால் சாளை, செம்மீன் என்றால் இறால். பிள்ளைகளுக்கு முள் குறைந்த அயக்கூரைத் துண்டும், உங்களுக்கு மத்தியும் வாங்குங்கள். மத்தி விலை குறைந்த மீன் என்பதற்காக அதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள்; நம் மலைக்குப் பனிக்கட்டிப் பெட்டியில் வந்து சேருகிற மத்திக்கும், அன்று காலை கரையேறிய மத்திக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு உடனே கண்டுகொள்ளும். கரிமீனைக் கேட்டு அலைய வேண்டாம். அது ஆலப்புழை, கோட்டயம் பக்கத்துக் காயல்களின் மீன், கோழிக்கோட்டின் சிறப்பு கடல் மீன்தான். முழு மீனைக் கண்ணாடிப் பெட்டியில் காட்டிப் பொரித்துத் தரும் கடைகளில், அடுப்பில் போடுவதற்கு முன்பே எடையையும் விலையையும் கேட்டுவிடுங்கள். ஒரு முறை உறவினர்களோடு சென்றபோது நான் கேட்கத் தவறி, ஓர் ஆவோலிக்காக அன்றைய தங்கும் அறை வாடகையைவிட அதிகம் கொடுக்க நேர்ந்தது.

எந்த மாதம் செல்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை, 52 நாள் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அந்த நாட்களில் பெரிய மீன்களின் வரத்து குறைந்து விலை ஏறும். பாரம்பரியப் படகுகளுக்குத் தடை இல்லாததால் கரையோர மீன்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். அப்போது சென்றால் அயக்கூரையைப் பிடிவாதமாகக் கேட்காமல், அன்றைக்கு எது வந்தது என்று பரிமாறுபவரிடமே கேட்டு வாங்குவது நல்லது. நோன்பு மாதத்தில் சென்றால் மாப்பிள்ளை உணவகங்கள் பல பகலில் மூடியிருக்கும்; ஆனால் மாலையில் குற்றிச்சிறைப் பக்கம் கிடைக்கும் பலகார வகைகளைப் பார்த்தால் பகலில் பட்டினி கிடந்ததுகூட மறந்துவிடும்.

அந்தப் பலகாரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரிலிருந்து செல்பவர்கள் பிரியாணியோடு நிறுத்திக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு மேல் வருகிற இந்தச் செல்வத்தை விட்டுவிடுகிறார்கள். உன்னக்காய் என்று ஒன்று: வேகவைத்த நேந்திரம் பழத்தை மசித்து, உள்ளே தேங்காயும் சர்க்கரையும் வைத்து, இலவங்காய் வடிவில் உருட்டிப் பொரித்தது, இலவங்காயின் பெயரே அதற்கு வந்துவிட்டது. சட்டிப்பத்திரி என்று இன்னொன்று: முட்டையில் தோய்த்த மெல்லிய ரொட்டிகளை அடுக்கி, இடையிடையே இறைச்சியோ இனிப்போ வைத்துச் சட்டியில் வேகவைத்து, துண்டு போட்டுத் தருவது. கல்லுமக்காய் என்பது கடற்பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பி. அதன் ஓட்டுக்குள் அரிசிமாவும் தேங்காயும் சேர்த்து அடைத்து, ஆவியில் வேகவைத்து, பிறகு மசாலா தடவிப் பொரிக்கிறார்கள். சிப்பி வகை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே பிள்ளைகளுக்கு முதல் முறை ஒன்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். சிகிச்சை முடிந்த கையோடு தாயாருக்கு அது வேண்டவே வேண்டாம்.

இவற்றைக் கடற்கரையிலேயே வாங்கிச் சாப்பிடலாம். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பழைய பாலத்தின் தூண்கள் தெரியுமிடத்தில் வரிசையாக வண்டிக் கடைகள் இருக்கும். நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி, கேரட் எல்லாவற்றையும் உப்புநீரில் காந்தாரி மிளகாயோடு ஊறவைத்து விற்கிறார்கள். உப்பிலிட்டது என்று பெயர். மூடி போட்டுச் சுத்தமாக வைத்திருக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். பனிக்கட்டியைச் சீவித் தரும் ஐஸ் ஒரதியைப் பிள்ளைகள் கேட்பார்கள்; தண்ணீரைப் பற்றி உறுதி இல்லாததால் நான் என் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்ததில்லை, அவர்கள் அழுதபோதும் வாங்கித் தரவில்லை.

வீட்டுக்கு வாங்கிச் செல்ல மிட்டாய்த் தெரு. மானாஞ்சிறைப் பக்கமிருந்து நுழைந்து நடந்தே போக வேண்டும்; தாயாரை அழைத்துச் செல்லாமல் மாலையில் நீங்கள் மட்டும் போய் வருவது அவருக்கு நிம்மதி. கோழிக்கோட்டு அல்வா பல நிறங்களில் பாளம் பாளமாக அடுக்கியிருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு கேட்டுச் சுவைத்துப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். வெல்லத்தில் செய்த கறுப்பு அல்வாதான் என் தேர்வு. தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவலை, சூடு ஆறாமல் பையில் கட்டிக் கொடுத்தால் சுரம் ஏறுவதற்குள் நமத்துவிடும். ஆறவைத்து அடைத்த பொட்டலமாகக் கேளுங்கள்.

இரண்டாம் நாள் மதியம் ஊணை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். நாடுகாணிச் சாலையில் இருட்டியபின் யானைகள் நிற்கும்; கண்ணில் கட்டுப் போட்டிருக்கும் தாயாரோடு அங்கே வண்டியை நிறுத்திக் காத்திருக்க நேரக் கூடாது. வழியில் அவருக்குப் பசித்தால் கொடுக்க, அன்று காலையே பத்திரி நாலைந்தும் பழமும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும்.