கிட்டார் பழகும் கையில் இரவு நேர மரமரப்பு

கேள்வி: பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்தவன், வயது 46. தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 7 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். கல்லூரி விடுதிக்குப் போன மகள் வீட்டில் விட்டுச்சென்ற ஸ்டீல் கம்பி கிட்டாரை எடுத்து, கைப்பேசியில் காணொளி பார்த்து, ஒரு மாதமாகத் தினமும் இரவில் ஒரு மணி நேரம் பழகுகிறேன். இதற்கு முன் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. இடக்கை விரல் நுனிகள் எரிகின்றன. தூக்கத்தில் இடக்கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் விழிப்பு வருகிறது. கையை உதறினால் சரியாகிறது. பைக் ஓட்டும்போதும் அப்படித்தான். ‘எஃப்’ கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடிக்க உள்ளங்கை போதிய அளவு திரும்புவதே இல்லை. சர்க்கரை உள்ளவர் விரல் காய்ப்பேற விடலாமா? கிட்டாரை நிறுத்திவிட வேண்டுமா? சிறுவயது முதல் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், பற்களில் மஞ்சள் கறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் இப்போது பழகும் விதத்திலேயே தொடரவும் கூடாது. உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனித் தொல்லைகள் கலந்து கிடக்கின்றன. விரல் நுனி எரிச்சல் கிட்டாரால் வந்தது. அது தானாகத் தணியும். இரவு மரமரப்பு மணிக்கட்டு நரம்பைச் சேர்ந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்ததைக் கிட்டார் வெளியே கொண்டுவந்திருக்கிறது என்றே கருதுகிறேன். உள்ளங்கை திரும்பாதது மூன்றாவது. போகிறபோக்கில் நீங்கள் சொன்ன போர்வெல் தண்ணீரோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்பதால், உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முதலில் சோதிக்க வேண்டியதும் அதைத்தான்.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். மெல்லிய உலோகக் கம்பியை, கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டுக்குப் பக்கத்தில் அழுத்தும்போது விரல் நுனித் தோலின் மிகச் சிறிய பரப்பில் முழு விசையும் இறங்குகிறது. அதற்கு எதிர்வினையாகத் தோலின் மேலடுக்கு தடித்துக் காய்ப்பேறுகிறது. பொதுவாக இதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். சர்க்கரை நோய் இருப்பதால் இந்தக் காய்ப்பே ஆபத்தானது என்று நினைக்க வேண்டாம். கால் பாதத்தில் காய்ப்பேறினால் நாங்கள் அஞ்சுவதற்குக் காரணம், உடல் எடை அதன்மேல் விழுந்து அடியில் புண் உண்டாவது. கை விரலில் அந்த நிலை இல்லை. ஆனால் கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காமல், தோல் ஆறும்வரை அந்த விரலுக்கு ஓய்வு கொடுங்கள். வெடித்த தோலின்மேல் ஒட்டுப் பசை தடவிக்கொண்டு வாசிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை நீங்கள் பின்பற்றக் கூடாது. குளித்த கையோடும் பாத்திரம் கழுவிய கையோடும் உடனே வாசித்தால் ஊறிய தோல் எளிதில் கிழியும். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டுங்கள், ஆனால் நகக்கண்ணில் காயம் படும்படி வெட்டாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு நகச்சுற்று வந்தால் ஆற நாளாகும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பவராக இருந்தால், இனி ஊசி குத்துவதை வலக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மோதிர விரல் அல்லது சுண்டு விரலின் பக்கவாட்டில் குத்துவது நல்லது. காய்ப்பேறிய நுனியில் குத்தினால் இரத்தம் சரியாக வராது. புதிதாகக் குத்திய இடத்தில் கம்பியை அழுத்துவதும் தேவையற்ற தொல்லை.

மரமரப்புக்கு வருவோம். எந்தெந்த விரல்கள் என்று நீங்கள் துல்லியமாக எழுதியிருப்பது பாதி நோயறிதலைச் செய்துவிட்டது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பு, மணிக்கட்டில் எலும்புகளாலும் ஒரு தடித்த நாராலும் ஆன குறுகிய சுரங்கத்தின் வழியே, விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துச் செல்கிறது. மணிக்கட்டை மடக்கும்போதெல்லாம் அந்தச் சுரங்கத்துக்குள் அழுத்தம் கூடி நரம்பு நசுங்குகிறது. இதைக் கார்ப்பல் டனல் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டு மடங்குவதாலேயே நள்ளிரவில் விழிப்பு வருகிறது. உதறினால் சரியாவதும் இதற்கே உரிய அடையாளம். சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மரத்திருந்தால் முழங்கை நரம்பையும், கழுத்திலிருந்து கைவரை வலி இறங்கியிருந்தால் கழுத்தெலும்பையும் சந்தேகித்திருப்பேன். சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி பெரும்பாலும் கால் விரல்களில் தொடங்கி இரு பக்கமும் சமமாக ஏறும். ஒரே கையின் மூன்று விரல்களில் மட்டும் நிற்பது அதன் இயல்பு அன்று.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த நரம்பு நசுக்கம் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது; தைராய்டு சுரப்புக் குறைவும் இதைக் கொண்டுவரும். பைக்கின் கைப்பிடியை இறுகப் பற்றுவதும், படுத்தபடி கைப்பேசியைப் பிடித்திருப்பதும் தம் பங்கைச் செலுத்தியிருக்கும். இவற்றோடு இரவில் ஒரு மணி நேரம் மணிக்கட்டை மடக்கி வாசித்துவிட்டு அப்படியே உறங்கப் போகிறீர்கள். மணிக்கட்டு ஏன் மடங்குகிறது என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

கிட்டாரின் கழுத்துக்கு அடியிலிருந்து இடக்கை மேலே வரவேண்டுமானால் முன்னங்கை கிட்டத்தட்ட முழுவதுமாகத் திரும்பி, உள்ளங்கை நம்மை நோக்கி இருக்க வேண்டும். நம் அன்றாட வேலைகளில் இந்த அளவு திருப்பம் அரிதாகவே தேவைப்படுகிறது. கணக்கு எழுதவோ வண்டி ஓட்டவோ அது வேண்டியதே இல்லை. ஆகவே பல ஆண்டுகளாகத் திருப்பம் குறைந்துகொண்டே வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. முன்னங்கை திரும்பாத குறையை மணிக்கட்டு தன்னை மடக்கி ஈடுகட்டுகிறது. நரம்பு அதற்கான விலையைத் தருகிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, செங்கோணத்தில் மடக்கி, பிரசாதம் வாங்குவதுபோல் உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்புங்கள். இரண்டும் தட்டையாகக் கூரையைப் பார்க்க வேண்டும். இடது உள்ளங்கை சாய்ந்தே நின்றாலும், முழங்கை முழுவதும் நீளாவிட்டாலும் எனக்குத் தண்ணீரைப் பற்றிய நினைவுதான் வரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடங்களில் 1.5 வரை அனுமதி. பற்களின் கறை, நிலைப்பற்கள் உருவான சிறுவயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள் நீங்கள் குடித்த தண்ணீரைப் பற்றிச் சொல்கிறது. எலும்பு பாதித்திருக்கிறதா என்பதை அது மட்டும் உறுதிசெய்யாது. அதே தண்ணீரைத் தொடர்ந்து பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கே, எலும்பில் புளோரைடு படியும் எலும்பு புளோரோசிஸ் வருகிறது. முன்னங்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. எலும்பு புளோரோசிஸில் அந்தச் சவ்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகுவது எக்ஸ்-ரேயில் தெரியும். நோயை அடையாளம் காண நாங்கள் முதலில் தேடும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆகவே உங்களுக்கு மணிக்கட்டோடு முன்னங்கையையும் சேர்த்து எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. நீங்கள் வளர்ந்த காலத்தில் அது இல்லை. இன்றும் வீட்டில் சமையலுக்குப் போர்வெல் நீரைப் பயன்படுத்தினால் அதை நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஏற்கெனவே எலும்பில் படிந்ததைக் கரைக்கும் மருந்து இல்லை, ஆனால் மேலும் படியாமல் தடுக்க முடியும்.

இறுக்கத்துக்குச் சர்க்கரையும் காரணமாகலாம். வணக்கம் சொல்வதுபோல் இரு உள்ளங்கைகளையும் ஒட்டிப் பாருங்கள். விரல் மூட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி நின்றால் நீண்டகாலச் சர்க்கரையால் மூட்டைச் சுற்றியுள்ள திசு தடித்திருக்கிறது என்று பொருள். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு. அதுவும் நரம்பைப் பாதிக்கும். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு, பி12 ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை பெறுபவராக இருந்தாலும், இந்தப் பரிசோதனைகளுக்கு மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இனி வாத்தியம். ஸ்டீல் கம்பி கிட்டாரில் லைட் செட் எனப்படும் வழக்கமான மெல்லிய கம்பித் தொகுதியை மாட்டினால் ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ. நைலான் கம்பி கிட்டாரில் 40 கிலோ அளவுதான். ‘நைலானுக்கு மாறுங்கள்’ என்று பலரும் உங்களுக்குச் சொல்வார்கள். விரல் நுனிக்கு அது இதம்தான். ஆனால் அதன் கழுத்து அகலமானது, கையை இன்னும் திருப்பவும் நீட்டவும் சொல்லும். உங்கள் நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மகளின் கிட்டாரிலேயே முதல் கம்பி 0.010 அங்குலம் உள்ள எக்ஸ்ட்ரா லைட் செட்டை மாட்டி, சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்கி, இரண்டாம் ஃபிரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு வாசியுங்கள். சுருதி பழைய நிலைக்கே வந்துவிடும், கம்பி தளரும், ஃபிரெட்டுகளின் இடைவெளியும் சற்றுக் குறுகும். மகள் அதிகம் வாசிக்காமல் வைத்திருந்த கிட்டார் என்றால், கழுத்து வளைந்து கம்பிகள் உயர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்கு மிக அதிகமாக இருந்தால் வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். புதிதாகப் பழகுவோர் தம் விரலைக் குறை சொல்லும் பல இடங்களில் குறை இந்த உயரத்தில்தான் இருக்கிறது.

தாழ்வான சோபாவிலோ கட்டிலிலோ அமராமல், கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமருங்கள். கிட்டாரை இடது தொடையில் வைத்து, இடது காலடியில் சிறு மணை போட்டு, கழுத்துப் பகுதி மேல்நோக்கிச் சாயும்படி பிடித்தால் மணிக்கட்டு நேராக நிற்கும். கம்பியை ஃபிரெட்டை ஒட்டி அழுத்தினால் பாதி விசை போதும். நடுவில் அழுத்தினால்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். கட்டைவிரலால் பின்னாலிருந்து நெரிக்காதீர்கள். ஒரு மணி நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, காலையும் மாலையும் என மாற்றுங்கள். உறங்கும் முன் கடைசி இரண்டு மணி நேரம் வேண்டாம். இரண்டு விரல் போதுமான ‘இ மைனர்’ கார்டிலிருந்து தொடங்குங்கள். ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்தும் ‘எஃப்’ இப்போதைக்குக் கூடவே கூடாது. அதன் இடத்தில் மூன்று விரலில் அடங்கும் ‘எஃப் மேஜர் 7’ பெரும்பாலான பாடல்களுக்குப் போதும். முதல் மாதத்திலேயே ‘எஃப்’ பிடிக்கச் சொல்லும் காணொளிகளை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. வாசிக்கும்போதே மரமரப்பு தொடங்கினால் அத்துடன் கீழே வைத்துவிடுங்கள். விரல் நுனி எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு பழகலாம், மரமரப்பைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் கை முழுதாக இயங்காதவர் இதைக் கற்க முடியுமா என்ற ஐயம் உங்கள் வரிகளுக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞருக்கு 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் பெரும்பாலும் செயலிழந்தன. மீதி விரல்களுக்கேற்பத் தம் வாசிப்பை அவர் மாற்றிக்கொண்டார். கைக்கு ஏற்ப வாசிப்பை மாற்றலாம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, மணிக்கட்டை நேராக நிறுத்தும் ரிஸ்ட் ஸ்பிளிண்டை மருந்துக் கடையில் வாங்கி, ஆறு வாரம் இரவில் மட்டும் கட்டிக்கொண்டு உறங்குங்கள். சாதாரண கிரேப் பேண்டேஜ் சுற்றுவது மணிக்கட்டு மடங்குவதைத் தடுக்காது. வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம். நரம்பு நசுக்கத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை, சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்குக் கேடு உண்டு. மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் அப்போது அடிக்கடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பகலிலும் மரமரப்பு விடாமல் இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, கையிலிருந்து பொருட்கள் நழுவினாலோ, கட்டைவிரலின் அடிமேடு வற்றிப் பள்ளமாகத் தெரிந்தாலோ ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. நசுங்கிய நரம்பை விடுவிக்கும் சிறு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இழந்த பலம் முழுவதும் திரும்பாது. கால்களில் விறைப்போ, நடையில் தள்ளாட்டமோ இருந்தால் அது முதுகுத் தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் இந்த மாதத்துக்குள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் புறநோயாளிகள் பிரிவுக்குச் சென்றால் போதும். கிட்டாரையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்; ஆனால் நீங்கள் அதைப் பிடித்துக் காட்டினால், மணிக்கட்டு எங்கே மடங்குகிறது என்பது மருத்துவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.