உப்பு, சோடா, சுண்ணாம்பு: பிள்ளைகளுக்கு ஃபார்முலா சொல்லித் தருவோர் கேட்டவை

ஐந்தாம் வகுப்பு மகன் தண்ணீருக்கு எச்2ஓ எழுதாமல் 2எச்ஓ என்றே எழுதுகிறான்.

எண்ணப் பழக்குங்கள். கீழே பொடியாக எழுதும் எண் தனக்கு முன்னால் நிற்கும் அணுவுக்கு மட்டும் சொந்தம். முன்னால் பெரிதாக எழுதும் எண் முழு மூலக்கூறுக்கும் பொது.

சுண்ணாம்புக்கு மட்டும் ஏன் அடைப்புக்குறி?

வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு, சிஏ(ஓஎச்)2. வெளியே நிற்கும் 2 உள்ளிருக்கும் இரண்டையும் பெருக்கும். கால்சியம் 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2. செய்தே காட்டலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பைக் கரைத்து ராத்திரி முழுக்கத் தெளிய விடுங்கள். மேல்தெளிவை இறுத்து, ஸ்ட்ராவால் ஊதச் சொல்லுங்கள். மெல்ல வெள்ளையாகக் கலங்கும். மூச்சிலுள்ள சிஓ2 சேர்ந்து கால்சியம் கார்பனேட்டும் (சிஏசிஓ3) தண்ணீரும் உண்டாகின்றன. ஆக்சிஜனை எண்ணச் சொல்லுங்கள்: இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கமும் 4. வெள்ளையடித்த சுவர் இறுகுவதும் இதே வினைதான்.

ஊத மட்டுமே வேண்டும், உறிஞ்சக் கூடாது. நீற்றாத சுண்ணாம்புக்கல்லைப் பிள்ளைகள் கையில் தரவே தராதீர்கள். தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

ஆப்பசோடாவும் சலவை சோடாவும் ஒன்றா?

இல்லை. முன்னது என்ஏஎச்சிஓ3, பின்னது என்ஏ2சிஓ3. சலவை சோடாவைச் சமையலில் போடக்கூடாது. டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பாலுக்கு ஃபார்முலா என்ன?

கிடையாது. பால் ஒரு கலவை. அதிலுள்ள லாக்டோஸுக்கு உண்டு: சி12எச்22ஓ11. சர்க்கரைக்கும் இதே எண்ணிக்கைதான். அணுக்கள் கோத்திருக்கும் விதம் வேறு.

தேனுக்கு? மஞ்சள்தூளுக்கு?

பாலுக்குச் சொன்னதே.

உப்பின் ஒரு மூலக்கூறு என்ஏசிஎல் என்று வகுப்பில் சொன்னேன். சரிதானே?

சரியில்லை டீச்சர். உப்புக்கல்லுக்குள் ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி 6 குளோரின், ஒவ்வொரு குளோரினையும் சுற்றி 6 சோடியம், எல்லாம் அயனிகளாக, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களாக. எதற்கு எது ஜோடி என்று பிரிக்கவே முடியாது. என்ஏசிஎல் என்பது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மட்டுமே.

பத்து வயதுப் பிள்ளைக்கு அயனியெல்லாம் எதற்கு சார்? பெரிய வகுப்பில் திருத்திக்கொள்ள மாட்டார்களா?

அந்தத் திருத்தம் பலருக்கு நடப்பதே இல்லை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகூட உப்பு கரையும்போது மூலக்கூறு உடைகிறது என்று எழுதுகிறது. அயனி என்ற சொல் வேண்டாம். "உப்பில் சோடியமும் குளோரினும் சரிக்குச் சரி" என்று மட்டும் சொல்லுங்கள். பத்து வயதுக்கு அது போதும், பிறகு அழித்து எழுத வேண்டியதும் இல்லை.

நானும் டீச்சர் பக்கம்தான். உப்பின் மூலக்கூறு நிறை 58.5 என்று நாமே கணக்குப் போடுகிறோமே?

சோடியத்தின் 23-உம் குளோரினின் 35.5-உம் கூட்டினால் 58.5, கணக்கு சரி. அதன் பெயர் வாய்ப்பாட்டு நிறை, அதாவது ஃபார்முலாவின் நிறை; மூலக்கூறு நிறை அல்ல. எண் சரியாக வருவதாலேயே மனதில் இருக்கும் படமும் சரியாகிவிடாது. பிள்ளை நெடுநாள் சுமப்பது அந்தப் படத்தைத்தான்.

வெல்லத்துக்கு ஃபார்முலா?

கலவை. பால் பதிலைப் பாருங்கள்.

பிளீச்சிங் பவுடரில் பாத்ரூம் ஆசிட் ஊற்றி நுரை காட்டலாமா?

கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். காட்டுவதற்காக மட்டுமல்ல, பாத்ரூம் கழுவும்போதும் இரண்டையும் சேர்க்காதீர்கள். நுரைதான் வேண்டுமென்றால் ஆப்பசோடாவில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.