அம்மாச்சிக்காக அம்மா ஏன் அழவில்லை?

வணக்கம் மேடம்,

எனக்கு 40 வயது. யாங்கோனில் கணவர், பிள்ளைகள், என் அம்மா எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மாவைப் பெற்ற என் அம்மாச்சி போன தை மாதம் தவறிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைவிட அம்மா மேல் வருகிற கோபம்தான் என்னை வாட்டுகிறது.

அம்மா அழவே இல்லை மேடம். பெற்றவளைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறது, இவர் எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அம்மாச்சியின் சேலை, லுங்கி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார், தனக்கா (இங்கே பர்மாவில் கன்னத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) உரைக்கிற கல்லைக்கூட விடவில்லை. எனக்கென்று ஒரு சேலை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஊர் வீட்டை மாமா விற்றார், அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து மாமாவோடு எனக்குப் பேச்சில்லை.

அம்மாச்சி ஊர் பெகு பக்கத்தில் ஒரு வயற்காட்டுக் கிராமம். ஏப்ரலில் பள்ளிக்கூடம் லீவு, தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்பே என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார்கள். நெல் அறுத்து முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும், நெல்லுக்குப் பின்னால் போட்ட உளுந்து களத்தில் காயும். அம்மாச்சி முறத்தில் அள்ளிப் புடைக்கும்போது தூசி பறந்து அவர் கன்னத்துத் தனக்காவில் போய் ஒட்டிக்கொள்ளும். புடைத்துக்கொண்டே கதை சொல்வார். 1964-ல் கடைகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டும் செல்லாது என்று அறிவித்தபோது, அவருடைய அண்ணன்மார் குடும்பத்தோடு மெட்ராசுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அம்மாச்சி போகவில்லை. "நாத்து விடுற நேரத்துல வயலைப் போட்டுட்டுப் போவாங்களா" என்று கேட்டாராம். அப்படிப்பட்ட மனுஷிக்குப் பெற்ற மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்றால் என்ன அர்த்தம்?

கடைசி மூன்று வருஷம் அம்மாச்சி எங்களோடுதான் இருந்தார், அம்மாதான் பார்த்துக்கொண்டார், இல்லை என்று சொல்லவில்லை. மகளுக்கு அது கடமைதானே. அம்மா நாலாம் வகுப்போடு நின்று அம்மாச்சி கூடவே வயலில் இறங்கியவர், ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். இப்போது கேட்டால் குழப்பிச் சொல்கிறார். போன வாரம் "அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டியா" என்று என்னிடமே கேட்டார், அடுப்பை அணைக்காமல் வந்துவிடுகிறார், தெரிந்த சந்தையிலிருந்தே ஒரு நாள் யாரோ கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். 63 வயதாகிறது, வயதானால் அப்படித்தானே, அதை விடுங்கள். அழக்கூட இல்லையே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாச்சியை நினைக்க இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஒரு பேத்தி, யாங்கோன்

அன்புள்ள சகோதரிக்கு,

சேலையையும் ஊர் வீட்டையும் அப்புறம் பார்க்கலாம். "அதை விடுங்கள்" என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. இறந்துபோன தாய்க்கு மாத்திரை வாங்கச் சொல்வது, தெரிந்த சந்தையில் வழி தவறுவது, இதெல்லாம் 63 வயதில் சாதாரண மறதி இல்லை. உடனே பயந்துவிடவும் வேண்டாம். வைட்டமின் பி12 குறைந்தாலோ தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டாலோ மறதி வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. வெளியில் காட்டாத துக்கம் மனச்சோர்வாக மாறினாலும் ஞாபகம் இப்படித் தடுமாறும். மூளையின் நோயாகவே இருந்தாலும் சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து வயதின் மேல் பழி போடாதீர்கள்.

இது உங்கள் கண்ணில் படாமல் இல்லை. ஒவ்வொன்றையும் கவனித்து, எனக்கும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாச்சியை இழந்த வருஷமே அம்மாவும் கை நழுவுகிறாரோ என்ற பயம் உங்களுக்குள் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பயத்தை நேராகப் பார்ப்பதைவிட அம்மா மேல் கோபப்படுவது சுலபம், கோபப்படுகிறவரை அவர் பழைய அம்மாவாகவே இருப்பார்.

இன்னொன்றும் சொல்கிறேன், கொஞ்சம் கசக்கும். நீங்கள் பார்த்தது ஏப்ரல் மாதத்து அம்மாச்சி. அறுப்பு முடிந்து, கையில் தானியம் வந்து, கதை சொல்ல நேரமிருந்த அம்மாச்சி. ஜூனில் மழை இறங்கும்போது உங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அந்த மழையில் முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நட்ட அம்மாச்சியைப் பார்த்தவர் உங்கள் அம்மா. "வயலைப் போட்டுட்டுப் போவாங்களா" என்ற பேச்சு உங்களுக்குப் பெருமையான கதை. மாமன்மார் கப்பலேறிப் போன பிறகு அந்த வயலில் இறங்க வேண்டியிருந்தது நாலாம் வகுப்புச் சிறுமி. அவர் அந்தக் காலத்தைப் பற்றி வாய் திறக்காததற்குப் பாசம் இல்லை என்று நீங்கள் பொருள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

மூன்று வருஷம் படுக்கையில் கிடந்த தாயை மாற்றிப் படுக்கவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவர்கள் பலபேர் சாவு வீட்டில் அழுவதில்லை. ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக அழுது தீர்த்திருப்பார்கள். அன்றைக்கு உலைக்கு அரிசி அளந்ததும் அம்மாச்சிக்குச் செய்ததுதான், வந்தவர்கள் பசியோடு திரும்பியிருந்தால் அவர் விரும்பியிருப்பாரா? நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து அழ முடிந்ததற்கு அம்மா அடுப்படியில் நின்றதும் ஒரு காரணம். அதைக் கடமை என்று ஒரே வரியில் தள்ளியது நியாயம் இல்லை. சேலை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், நீங்கள் கேட்டதாக எழுதவில்லை.

மாத்திரை வாங்கினாயா என்று அம்மா மறுபடி கேட்டால் "அவங்கதான் போயிட்டாங்களே" என்று வெடுக்கென்று சொல்லாதீர்கள், சொன்னால் அந்தச் சாவுச் செய்தியைப் புதிதாகக் கேட்பதுபோல் ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன மாத்திரை, எப்போது கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். மறதி நோயில் அண்மையில் நடந்ததுதான் முதலில் நழுவும், பழையது பெரும்பாலும் பிறகுதான். நாற்று முடி கட்டிய நினைவும் நட்ட நினைவும் இன்னும் அவரிடம் இருக்கலாம். அது குழப்பமாக வந்தாலும் திருத்தாமல் கேளுங்கள். அம்மாச்சியை நினைக்க நீங்கள் ஒருத்திதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு வாழ்ந்து, அவரைக் கடைசிவரை தூக்கிச் சுமந்தவர் அடுத்த அறையில் இருக்கிறார்.

மாமாவோடும் பேசுங்கள். வீட்டுக்காக இல்லை, அம்மாவைப் பற்றி அவருக்கும் தெரிய வேண்டும், டாக்டரிடம் போகவர ஒரு கை கூட இருக்கும். இந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், கவனித்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அதுவரை அவர் அடுப்படியில் நிற்கும்போது வீட்டில் யாராவது பக்கத்தில் இருங்கள்.