கம்பி இல்லாத 340 கிலோமீட்டர்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற சரக்கு ரயில் ஓட்டுநர், நாகர்கோவில்)

கேள்வி: ஐயா, மின்சார எஞ்சின்தான் சிக்கனம் என்கிறீர்கள். அப்படியானால் அமெரிக்காவில் மில்வாக்கி ரோடு ரயில்வேக்கு வரவேண்டிய புது மின்சாரச் சரக்கு எஞ்சின்கள் காகிதத்தோடு நின்றுபோனது ஏன்?
– ஒரு வாசகர், இரணியல்

பதில்: எஞ்சினுக்குக் கரண்ட் தரும் மேல்கம்பி பாதை முழுக்கப் போடப்படாமல் நடுவில் விட்டுப்போனதுதான் காரணம், தம்பி. ராக்கி மலையைத் தாண்டிப் பசிபிக் கரைக்குப் போகும் பாதை அது. மொன்டானாவின் ஹார்லோடனிலிருந்து இடாஹோவின் ஏவரி வரை சுமார் 705 கிலோமீட்டருக்குக் கம்பி. அப்புறம் வாஷிங்டன் மாநிலத்தில் ஒதெல்லோவிலிருந்து கடற்கரைப் பக்கம் இன்னொரு துண்டு. நடுவே சுமார் 340 கிலோமீட்டர் வெறும் தண்டவாளம்.

கம்பி முடிகிற ஸ்டேஷனில் எஞ்சின் மாற்றுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கப்ளரைக் கழற்றி, டீசலைக் கொண்டுவந்து மாட்டி, பிரேக் குழாயை இணைத்து, குழாயில் காற்றழுத்தம் 5 கிலோ ஏறும்வரை அளவுமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைசி வேனிலிருந்து கார்டு சரி சொன்னால்தான் வண்டி நகரும். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு ராத்திரி அப்படி நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் எஞ்சின் செய்யும் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி முன்வந்தது: இடைவெளியை மூடுவோம், புது எஞ்சின் தருவோம், பணத்துக்கும் வழி செய்வோம் என்று. ரயில்வே மறுத்துவிட்டது. செம்புக் கம்பியை விற்றால் காசு வரும் என்று கணக்குப் போட்டார்கள். 1973-இல் மின்சாரத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே எண்ணெய் விலை எகிறியது. 1974 ஜூனில் மின்சார ஓட்டம் முடிந்தது. 1980-இல் மேற்குப் பாதையையே கைவிட்டார்கள்.

இறக்கத்தில் வரும் வண்டி மோட்டாரையே பிரேக்காக்கி, ஏறி வரும் வண்டிக்குக் கரண்ட் கொடுத்த பாதை அது! அதைப் பிடுங்கி எறிந்ததை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

கேள்வி: அங்கே ஓடிய 'லிட்டில் ஜோ' எஞ்சினுக்கு ஏன் அந்தப் பெயர்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: ஜோசப் ஸ்டாலின் பெயர்தான், அம்மா. சோவியத்துக்காகச் செய்த 20 எஞ்சின்கள் பனிப்போரால் அங்கே போகவில்லை. 12 எஞ்சின்களை மில்வாக்கி 1950-இல் வாங்கியது. அதில் ஒன்றை மொன்டானாவின் டீர் லாட்ஜில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.