நகையை அடகு வைத்து பற்றரி வாங்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். மட்டக்களப்பில் ஒரு கம்பனியில் எலக்ட்ரீசியன் வேலை, சம்பளம் 60,000 ரூபாய். பின்னேரமும் ஞாயிறும் வீடுகளுக்குப் போய் வயரிங் பிழை, இன்வேட்டர், சோலார் பற்றரி எல்லாம் பார்க்கிறேன். அதில் மாதம் 45,000 வரை வருகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து நாலைந்து பற்றரி வாங்கிப் போட்டு, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? சீட்டிலும் சேரச் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, நகையில் கை வைக்க வேண்டாம், வேலையையும் இப்போதைக்கு விட வேண்டாம். உங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. காசு கேட்கிற இடத்தில்தான் ஓட்டை.

நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கத்தில் ஆரையம்பதி வீடு ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லா பிரேக்கரையும் இறக்கியும் விழுந்திருக்கிறது, பிரேக்கர் நியூட்ரலைப் பிரிக்காது என்பதால் நியூட்ரல் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மெகரால் (வயரில் கசிவு பார்க்கும் மீற்றர்) அளந்து, கடைசியில் கேற் லைட் ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்ததைப் பிடித்திருக்கிறீர்கள். மூன்று மணித்தியாலம். வாங்கியது ஹோல்டர் காசும் 500 ரூபாயும்! அந்த வீட்டுக்காரர் காசு தர வேண்டியது ஹோல்டர் மாட்டியதற்கு அல்ல, பிழையைக் கண்டுபிடித்ததற்கு. டொக்டர் பனடோல் மட்டும் எழுதிக் கொடுத்தாலும் பார்வைக் காசு வாங்கத்தானே செய்கிறார்? போனில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: வந்து பார்க்க இவ்வளவு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால் இவ்வளவு, சாமான் காசு வேறு. பெற்றோலையும் அதற்குள்ளேயே சேருங்கள், களுவாஞ்சிக்குடியிலிருந்து ஏறாவூருக்குப் போய் வருவது சும்மா இல்லை. இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அடுத்தது பற்றரி. கல்லடியில் ஒருவருக்கு உங்கள் காசில் பற்றரி வாங்கி மாட்டியிருக்கிறீர்கள், 38,000 இன்னும் வெளியே நிற்கிறது. போதாக்குறைக்கு பழைய முறைப்பாடே திரும்ப வந்திருக்கிறது, பிறகு பார்த்தால் கடல் காற்றில் பூத்துப்போன லக்தான், அதாவது வயரைப் பற்றரியோடு பூட்டும் முனைதான் காரணம். புதியது வாங்கச் சொல்லுமுன் டெர்மினலைச் சுரண்டித் துடைத்து இறுக்கி, இன்வேட்டரின் சார்ஜ் செட்டிங்கைப் பார்த்து, லோட் போட்டு வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். அந்தத் தாளைக் காட்டினால் பார்க்கும் கூலி கேட்கவும் வாய் வரும். மாற்றத்தான் வேண்டும் என்றால் வீட்டுக்காரரே கடைக்குக் காசு கட்டட்டும், வாரண்டியும் அவர் பெயரிலேயே இருக்கும்.

வாங்கி அடுக்கி வைப்பது அதைவிட மோசம். லெட்-அசிட் பற்றரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும், நம்முடைய வெக்கையில் இன்னும் வேகமாக. இடைக்கிடை சார்ஜ் போடாவிட்டால் விற்க முன்னமே பாதி உயிர் போய்விடும், அடகு வட்டி மட்டும் தவறாமல் ஏறும்.

வேலையை விடுவது பற்றி. உங்கள் 60,000க்கு முதலாளி ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் கட்டுகிறார், அதாவது மாதம் 9,000 ரூபாய். கைக்கு வராததால் அது கணக்கில் தெரிவதில்லை. பெற்றோல், சாமான், வராக்கடன் எல்லாம் கழித்த பிறகு பக்க வேலையில் 70,000 ஆவது, மாரிகாலத்து மாதங்களையும் சேர்த்து ஒரு வருடம் தொடர்ந்து நின்றால் அப்புறம் பேசுவோம். அதுவரை கம்பனியின் வாடிக்கையாளர் வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம், இருக்கிற வேலைக்கே வினையாகிவிடும்.

வரி பயம் வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரை வருமான வரி இல்லை, உங்கள் இரண்டு வருமானமும் சேர்த்து 12 லட்சத்து 60 ஆயிரம்தான். ஆனால் சிட்டை எழுதிப் பழகுங்கள், நாளைக்கு வங்கிக் கடன் கேட்கப் போனால் அதைத்தான் கேட்பார்கள்.

சீட்டு, வெளியே நிற்கிற காசு உள்ளே வரும் வரை வேண்டாம். எப்போது வரும் என்று தெரியாத காசை நம்பிச் சேர்ந்தால் கட்டுக்காசுக்கே கைமாற்று வாங்க வேண்டி வரும். முதலில் கல்லடிக்காரருக்கு ஒரு போன் போடுங்கள்.