ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

பல்கலைக்கழகம் கட்டிய ஆலயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அது ஹை ஸ்ட்ரீட் மக்களின் பங்கு ஆலயம். பல்கலைக்கழகம்தான் அங்கே குடிவந்தது.

13-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டில் ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கென்று சொந்தமாக ஒரு கட்டடம் இல்லை. கூட்டம் போடுவது, பட்டம் கொடுப்பது, பணப்பெட்டியைப் பாதுகாப்பது எல்லாம் இந்த ஆலயத்தில்தான். 1320 வாக்கில் கோபுரத்தை ஒட்டி இரண்டு அடுக்கில் ஒரு கட்டடம் எழுந்தது. கீழே கூட்ட அறை, மேலே நூலகம். வூஸ்டர் ஆயர் தாமஸ் கோபம் தன் புத்தகங்களை அதற்குத் தர நினைத்திருந்தார். ஆனால் அவர் கடனோடு இறந்துபோக, புத்தகங்கள் அடகுக்குப் போயின. ஓரியல் கல்லூரி மீட்டு வைத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்தார் பலவந்தமாகத் தூக்கி வந்தார்கள். புத்தகத்துக்காக இப்படி அடித்துக்கொண்டார்கள் என்பதே எனக்குப் பிடித்த செய்தி.

ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த பகையும் இங்கேதான் பதிவாகியிருக்கிறது. 1355 பிப்ரவரி 10 அன்று ஒரு மதுக்கடையில் மது சரியில்லை என்று மாணவர்கள் தகராறு செய்தார்கள். ஊர்க்காரர்களைத் திரட்ட புனித மார்ட்டின் ஆலய மணி அடித்தது. மாணவர்களைத் திரட்ட புனித மரியாள் ஆலய மணி. மூன்று நாள் கலவரத்தில் மாணவர் தரப்பில் 63 பேரும் ஊர்த் தரப்பில் சுமார் 30 பேரும் இறந்ததாகச் சொல்வார்கள். அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். ஆண்டுதோறும் அதே நாளில் மேயர் இந்த ஆலயத்துக்கு வந்து திருப்பலியில் கலந்துகொண்டு, இறந்த மாணவர்களுக்காகத் தலைக்கு ஒரு பென்னி செலுத்த வேண்டும் என்று ஆனது. 1825 வரை இது நடந்தது! யாரோ செய்த கொலைக்கு ஏறக்குறைய 470 ஆண்டுகள் அவர்கள் வாரிசுகளைத் தலைகுனிய வைத்தது அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1955-இல் இரு தரப்பும் முறைப்படி சமாதானமானார்கள்.

உள்ளே போனால் பிரசங்க மேடைக்கு எதிரே உள்ள தூணைப் பாருங்கள். அதன் ஒரு பகுதி செதுக்கி எடுக்கப்பட்டிருக்கும். கேன்டர்பரி பேராயராக இருந்த தாமஸ் கிரான்மரை நிற்க வைக்க மேடை போடுவதற்காக வெட்டியது என்கிறார்கள். 1556 மார்ச் 21 அன்று, தன் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் கொள்கைகளைக் கைவிட்டதாக எல்லார் முன்னிலும் அவர் அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவரோ, மரண பயத்தில் எழுதிக் கொடுத்ததையெல்லாம் மறுத்து, கையெழுத்திட்ட வலது கைதான் முதலில் எரியும் என்றார். அங்கிருந்து இழுத்துப் போய் எரித்தார்கள். சொன்னபடியே கையை முதலில் தீயில் நீட்டினார். அந்தத் தூணில் இருக்கும் வெட்டுக்கு முன்னால் எந்த விளக்கப் பலகையும் எனக்குத் தேவைப்படவில்லை.

இதற்கிடையே பல்கலைக்கழகம் மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. 1488-இல் புதிய நூலகம் வந்தது. வழிபாட்டு இடத்தில் பட்டமளிப்பு ஆரவாரம் வேண்டாம் என்று 1669-இல் ஷெல்டோனியன் அரங்கம் கட்டி முடித்தார்கள். ஆனாலும் பிரசங்க மேடையின் செல்வாக்கு குறையவில்லை. 1833-இல் ஜான் கீபிள் அங்கே ஆற்றிய பிரசங்கத்தைத்தான், இங்கிலாந்துத் திருச்சபையில் பழைய கத்தோலிக்க மரபுகளை மீட்க எழுந்த ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அப்போது அங்கே குருவானவராக இருந்தவர் ஜான் ஹென்றி நியூமன். பின்னாளில் கத்தோலிக்கராகி, 2019-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர்.

1942 அக்டோபரில் அந்தப் பழைய நூலக அறையில் சிலர் கூடினார்கள். ஜெர்மனி, இத்தாலிப் படைகளின் பிடியிலும் நேச நாடுகளின் கடல் முற்றுகையிலும் சிக்கி கிரேக்க மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த நேரம். அவர்களுக்கு உணவு அனுப்ப அங்கே உருவான குழுதான், வறுமைக்கு எதிராக உலகெங்கும் இயங்கும் இன்றைய ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பு. என்னைக் கேட்டால், அந்த ஆலயத்தின் வரலாற்றில் இதுதான் முதலில் சொல்ல வேண்டியது.